கொள்ளாம்!

நாகர்கோவில்காரரிடம் போய், 'படம் எப்படி?' என்று கேளுங்கள். முக்கால்வாசி ஒரே சொல்லில் பதில் வரும். 'கொள்ளாம்.'

வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம். யாரையும் கொல்லவில்லை. நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். மலையாளத்துக்காரர்களும் இதே சொல்லை இதே அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஃபைல், கஜானா, தாலுகா என்று சகலத்தையும் பங்கு பிரித்தவர்கள் இந்த ஒரு சொல்லைப் பிரிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆனால் விஷயம் சொல்லில் இல்லை, ராகத்தில் இருக்கிறது. 'கொள்ளாம்' என்று வெட்டினாற்போல் சொன்னால் தாராளமாகப் போகலாம். 'கொள்ளாம்டே!' என்று முதுகில் ஒரு தட்டும் விழுந்தால் இன்றைக்கே போகலாம். 'கொள்ளா...ம்' என்று ரப்பர் மாதிரி இழுத்தால் அர்த்தம் வேறு: 'எனக்குத் துட்டு போச்சு. ஒனக்கும் போட்டும்.' எதுவுமே சொல்லாமல் ஒரு ரசவடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, 'மழை வரும்போல இருக்கு' என்றால் அந்தப் படத்தின் போஸ்டர் பக்கம்கூடத் திரும்பக் கூடாது. இதற்கும் கீழே ஒரு படி உண்டு. 'சவம்.' அவ்வளவுதான். அப்பீலே கிடையாது.

'ஒரு தடவ பாக்கலாம்' என்று தமிழ்நாடு முழுக்க ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறதே, அது எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஒருத்தன் இரண்டாம் தடவை பார்ப்பதாக உங்களிடம் எப்போது சொன்னான்?

அதே மாதிரி இன்னொன்று: 'ஃபர்ஸ்ட் ஹாஃப் கொள்ளாம், செகண்ட் ஹாஃப் இழுவை.' இடைவேளை என்ற ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இதைச் சொல்லி வருகிறார்கள். படம் பார்த்துவிட்டு ஊருக்குப் போக வேண்டிய நண்பர்களைக் கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இரண்டாம் பாதி இழுப்பது டைரக்டரால் அல்ல, கடைசி பஸ்ஸால். கிளைமாக்ஸில் ஹீரோ வில்லனைத் துரத்துகிறபோது இங்கே நம் ஆள் மனசுக்குள் வடசேரி பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு எப்படி விறுவிறுப்பாக இருக்கும்? பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத பைக்காரன் அதே படத்தை 'ரெண்டாம் பாதிதான் ஜோர்' என்கிறான்.

எங்கள் செட்டில் நாலைந்து பேர். படம் பார்த்துவிட்டு மணிமேடைப் பக்கம் வந்து ஒரு கடுங்காப்பியோடு ஒதுங்கினால் அப்புறம் உண்மையான படம் ஆரம்பமாகும். பக்கத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையாக நிற்கிறார். ஒழுகினசேரிக்காரர். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு பக்கம் உருகிக்கொண்டிருக்க, தன் பங்குக் காமெடியைத் தானே யோசித்துத் தனி டிராக்காக ஓட்டியவர். படத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அந்தப் படத்தின் பேரில் ஒரு கண் வைத்திருந்த மனுஷர். அவர் காலடியில் நின்று சினிமாவைப் பற்றி அரட்டை அடிப்பதில் தப்பில்லை என்பது எங்கள் கட்சி.

செட்டில் ஒவ்வொருத்தரும் ஒரு தினுசு. இன்ஷூரன்ஸ் நண்பர் எந்தப் படத்துக்கும் அழுவார். டைட்டிலில் 'அன்னைக்கு சமர்ப்பணம்' என்று போட்டாலே கர்ச்சீப் வெளியே வந்துவிடும். கணக்கு வாத்தியாருக்குக் கண்ணீரில் நம்பிக்கை இல்லை. ஹீரோ சென்னையில் காலை ஆறு மணிக்கு ரயில் ஏறினான், மதுரையில் பத்து மணிக்கு சண்டை போட்டான், 'அதெப்பிடிவே?' என்பார். சட்டை கிழிந்த ஸீனுக்கு அடுத்த ஸீனில் பட்டன் இருந்ததை எண்ணி வைத்திருப்பார். தபாலாபீஸ் அண்ணாச்சி ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் ஒரு படத்துக்கு 'கொள்ளாம்' என்று சொல்லிவிட்டால் அது ரிஜிஸ்டர் தபால் மாதிரி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நகைக்கடையில் சேதாரம் கழிப்பார்களே, அந்த மாதிரி ஒவ்வொருத்தர் அபிப்பிராயத்துக்கும் ஒரு சேதாரம் உண்டு. இன்ஷூரன்ஸ்காரர் 'பிரமாதம்' என்றால் அதில் பாதியைக் கழி. வாத்தியார் 'பரவால்ல' என்றால் அதோடு இரண்டு மடங்கு சேர். நல்ல படம் எது என்பது இந்தக் கூட்டல் கழித்தலில்தான் தெரிய வரும். ஒருத்தரும் யாரையும் நம்பவில்லை. ஆனால் எல்லோரையும் நம்பிப் படத்துக்குப் போனோம்.

ஆனந்த விகடன் படங்களுக்கு மார்க் போட ஆரம்பித்தபோது எங்கள் வாத்தியாருக்கு ஏக குஷி. நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு வந்துவிட்டதே! 1977-ல் '16 வயதினிலே'வுக்கு 62.5 போட்டார்கள். அந்த அரை மார்க்கை எதற்காகக் கொடுத்தார்கள் என்று வாத்தியார் ஒரு மழைக்காலம் முழுக்க ஆராய்ச்சி செய்தார். சப்பாணி கோவணத்துக்கா, பரட்டை மீசைக்கா? விடை கிடைக்கவில்லை.

செட்டிலேயே சிக்கலான பிரஜை மார்த்தாண்டத்துக்காரர். அவருக்கு எந்தப் படத்தைப் பற்றியும் ஒரே அபிப்பிராயம்தான்: 'ஒரிஜினல் இதவிடக் கொள்ளாம், கேட்டியளா!'

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மார்த்தாண்டத்தில் நின்று பஸ் ஏறினால் ஒரு பக்கம் நாகர்கோவில், மறுபக்கம் திருவனந்தபுரம். இரண்டு ஊர் தியேட்டருக்கும் கை எட்டும். மோகன்லாலுக்கு விசில் அடித்த அதே வாயால் ரஜினிக்கும் விசில் அடிக்கிற பாக்கியம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை மாவட்டத்துக்கு வாய்க்கும்? இதில் ஒரே ஒரு தொல்லை, மலையாளத்தில் வெற்றி பெற்ற படம் தமிழுக்கு வருவதற்குள் இவர் கதையைச் சொல்லி முடித்திருப்பார்.

'மணிச்சித்ரத்தாழ்' 1993-ல் வந்தது. பாசில் டைரக்‌ஷன். ஷோபனாவுக்கு தேசிய விருது. அந்தப் படத்தின் அரண்மனைக் காட்சிகளில் கணிசமானவை எங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தவை. அந்த அரண்மனையே எங்களை மாதிரிதான். நிற்கிற மண் தமிழ்நாடு, பராமரிப்பது கேரளத் தொல்பொருள் துறை. உள்ளே பேயாக வருகிற நாகவல்லியோ தஞ்சாவூர்க்காரி, தமிழில் பேசுவாள்! கோட்டயத்திலும் திருச்சூரிலும் ஜனங்கள் நாகவல்லியின் தமிழைக் கேட்டே மிரண்டிருப்பார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பக்கமும் புரிந்தது, அந்தப் பக்கமும் புரிந்தது. பேய்க்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து துபாஷி வேலை பார்க்கலாம் போல.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2005 சித்திரை முதல் தேதி, 'சந்திரமுகி' வந்தது. சென்னையில் சாந்தி தியேட்டரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. தமிழ்நாடே அந்தப் பூட்டின அறைக்குள் என்ன இருக்கிறது என்று சீட் நுனிக்கு வந்தபோது, எங்களோடு உட்கார்ந்திருந்த மார்த்தாண்டத்துக்காரர் மட்டும் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, 'அங்க ஒண்ணும் இல்ல மக்கா, சலங்கையும் சீலையுமாக்கும்' என்றார். முன் வரிசையிலிருந்து ஒருத்தர் திரும்பி அவர் குடும்பத்தை விசாரித்தார். அத்தனை அன்பான விசாரிப்பை இங்கே அச்சில் போட முடியாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் அவரே சொன்னார்: 'ஒரிஜினல் இதவிடக் கொள்ளாம். ஆனா ரஜினி உள்ள வந்தப்போ நானும் விசிலடிச்சேன், அதயும் சொல்லணும்லா.' நல்ல ரசிகனுக்கு லட்சணம் என்று நான் நினைப்பது இதைத்தான். தன் கட்சிக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றுவது.

'த்ருஷ்யம்' 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்தது. அது கமல் நடிப்பில் 'பாபநாச'மாகி 2015 ஜூலையில் வெளிவந்தது. மார்த்தாண்டத்துக்காரரை இந்தத் தடவை சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தியேட்டருக்குள் விட்டோம். வாயைத் திறக்கவில்லை. (அந்தப் படத்தில் எதை எங்கே ஒளித்து வைத்தான் என்று நானும் சொல்லப் போவதில்லை. இன்னும் பார்க்காத ஒரு ஜீவன் எங்கேயாவது இருக்கலாம்.) ஆனால் வெளியே வந்ததும் தகராறு வேறு ரூபத்தில் வந்தது. படத்தில் பேச்செல்லாம் நெல்லைத் தமிழ். வசனம் எங்கள் மாவட்டத்து ஜெயமோகன். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் பேசுவது ஒரு தமிழ், இந்தப் பக்கம் பேசுவது ஒரு தமிழ் என்பது சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மதுரைக்குத் தெற்கே எல்லாம் 'ஏலே'தான். 'கமல் பேசுனது திருநவேலியா, நாரோலா?' என்று அன்றைக்கு இரவு பதினொன்றரை வரைக்கும் வழக்கு. நாலு பேர் சாட்சி சொல்லி, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. கதை, நடிப்பு, கேமரா எதைப் பற்றியும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

'ஒரிஜினல், ஒரிஜினல்னு பேசுதியளே, புத்தகத்த மறந்துட்டியளே' என்று தபாலாபீஸ் அண்ணாச்சி ஒரே ஒரு தடவை குறுக்கிட்டிருக்கிறார். அது 2002-ல் 'சொல்ல மறந்த கதை' வந்தபோது. தங்கர்பச்சான் எடுத்து சேரன் நடித்த அந்தப் படத்துக்கு மூலம் நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்'. 1977-ல் வந்த நாவல். அண்ணாச்சி அதை நாலு தடவை படித்தவர். படம் முடிந்து வந்து அவர் சொன்னது: 'கொள்ளாம். ஆனா சாப்பாட்டு வாசம் வரல்ல.' நாஞ்சில் நாட்டு வீட்டுச் சமையலை எழுத்தில் படித்தவனுக்கு அதை எந்தத் திரையில் காட்டினாலும் ஒரு கூட்டு குறையத்தான் செய்யும்.

இப்படி வாய்க்குள்ளேயே சுற்றிவந்த அபிப்பிராயங்களுக்கு 2024-ல் ஒரு சோதனை வந்தது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்.' கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை 2006-ல் கேரளப் பையன்கள் மீட்ட நிஜக் கதை. மலையாளப் படம், டப்பிங்கூடச் செய்யாமல் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அமர்க்களமாக ஓடியது. 1991-ல் 'குணா'வைத் தியேட்டரில் பார்க்காமல் கைவிட்டவர்களின் பிள்ளைகள் 2024-ல் அதே பாட்டுக்கு எழுந்து நின்று கத்தினார்கள். மார்த்தாண்டத்துக்காரருக்கு ஜன்ம சாபல்யம். இதற்கு ரீமேக் வர வழியே இல்லை, ஒரிஜினலைத் தமிழ்நாடே பார்த்தாயிற்று!

அந்த நேரத்தில் ஜெயமோகன் இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். சுற்றுலா போகிற இடத்தில் குடித்துக் கூத்தாடி, காட்டில் பாட்டிலை உடைத்துப் போடுகிற பேர்வழிகளைப் படம் கொண்டாடுகிறது என்பது சாராம்சம். மலையாளிகளையும் சேர்த்து வாங்கியிருந்தார். அவ்வளவுதான். கேரளத்தில் எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், அரசியல்வாதிகள் வரை கிளம்பி வந்து பதில் சொன்னார்கள். நம் ஊர் ஆள் ஒருத்தர் படம் பார்த்துவிட்டு 'சவம்' என்று சொன்னது இரண்டு மாநிலப் பிரச்னை ஆயிற்று.

எங்கள் செட்டிலும் இரண்டு கட்சி. 'காட்டுல பாட்டில் ஒடச்சா ஆனைக்க காலு என்ன ஆவும்? அவரு சொல்லதுல ஞாயம் உண்டும்' என்றார் இன்ஷூரன்ஸ்காரர். (ஆனைக்காக ஏற்கெனவே கண் கலங்கியிருந்தார்.) 'கூட்டாளிக்காகக் குழியில எறங்குனான்லா, அத எங்க கொண்டு வைப்பீரு?' என்றார் மார்த்தாண்டத்துக்காரர். ராத்திரி பிரிகிறபோது அவர் இவர் பைக்கில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: ஜெயமோகன் எழுதியதில் பாட்டிலைப் பற்றிய பகுதியோடு ஒத்துப்போகிறேன், படத்தைப் பற்றிய பகுதியோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர் என்ன ஆள், எதற்குக் கோபப்படுவார், எதை எழுதியவர் என்பது எனக்குத் தெரியும். எனவே சேதாரம் கழிக்க முடிகிறது.

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிற பையனிடம் இது முடிவதில்லை. 'படம் எப்படி ப்ரோ?' என்று அவன் கேட்க, முன்பின் தெரியாத ஒருத்தர் பத்து விநாடியில் 'வேஸ்ட் ப்ரோ' என்கிறார். அவர் யார்? அழுகிற கட்சியா, பட்டன் எண்ணுகிற கட்சியா? வேறு நடிகரின் ரசிகரா? வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரா? காசு வாங்கினவரா? ஒன்றும் தெரியாது. படம் மாட்னி முடிவதற்குள் அந்தப் பத்து விநாடி லட்சம் பேர் கைக்குப் போய்விடுகிறது. அண்ணாச்சியிடம் ஒரு நாள் மைக் வந்தது. அவர் நிதானமாகக் கேட்டார்: 'டிக்கெட்டுக்குத் துட்டு நீயா குடுத்தே மக்ளே? பொறவு ஒனக்கு எதுக்கு நான் சொல்லணும்?' அந்தப் பகுதி ஒளிபரப்பாகவில்லை.

சினிமா எடுக்கிறவர்கள் இதற்காகக் கோர்ட் படி ஏறிவிட்டார்கள். முதலில் கேரளா. 2023-ல் ஒரு படத்தின் டைரக்டர் எர்ணாகுளத்தில் ஹைகோர்ட்டுக்குப் போய், ரிலீஸான 7 நாளைக்கு யூ டியூபில் விமர்சனம் கூடாது என்று கேட்டார். கோர்ட்டுக்கு உதவியாக நியமித்த வக்கீல் 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்: 48 மணி நேரம் பொறுத்துக்கொள்ளட்டும் என்றார். அந்த வருஷக் கடைசியில் தமிழ்நாடு. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' எல்லாம் முதல் காட்சி முடிவதற்குள் அடி வாங்கியதும், தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டில் மனு: முதல் 3 நாள் விமர்சனமே கூடாது. கோர்ட் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லிவிட்டார்கள்.

7 நாள், 48 மணி, 3 நாள். வாத்தியார் இதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கணக்குப் போட்டார். 'மூணு நாள் எல்லாரும் வாய மூடிட்டு இருக்கோம்னு வச்சுக்கிடும். நாலாம் நாள் பேச வாயத் தொறக்கப்போ தியேட்டர்ல படம் இருக்குமாவே?'

தயாரிப்பாளர்கள் வயிற்றெரிச்சலும் பொய்யில்லை. வட்டிக்கு வாங்கி எடுத்த படத்தை ஒருத்தன் போனை ஆட்டிக்கொண்டு இடைவேளையிலேயே அடக்கம் செய்கிறான் என்றால் எரியத்தான் செய்யும். ஆனால் வாயை மூடச் சொல்லிப் படத்தைப் பிழைக்க வைக்க முடியாது. 'கொள்ளாம்' என்கிற சொல்லும் அதே வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, ஜனங்கள் சொல்கிற அபிப்பிராயத்தால் ஒரு படம் முதல் நாளே செத்துப்போகுமா? போகும். மைக், யூ டியூப், போன் எதுவும் இல்லாத காலத்திலேயே போயிருக்கிறது. எடுத்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர்.

அகஸ்தீஸ்வரத்து ஜே.சி.டேனியல். மலையாள சினிமாவின் தந்தை என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ போட்டு, 'விகதகுமாரன்' என்று ஒரு மௌனப்படம் எடுத்தார். கதை, கேமரா, டைரக்‌ஷன், ஹீரோ எல்லாம் அவரே. கதாநாயகிக்கு பம்பாயிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்து, அது சரிப்படாமல், கடைசியில் காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த பி.கே.ரோஸியைப் பிடித்தார். காக்காரிசி என்பது தமிழும் மலையாளமும் கலந்த நாட்டுப்புறக் கூத்து. ரோஸி தலித் கிறிஸ்தவப் பெண். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேஷம்.

திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் முதல் காட்சி. 1928 என்று ஒரு சாரார், 1930 என்று ஒரு சாரார், ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நடந்ததில் கருத்து வேறுபாடில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதால் ரோஸி நடித்த படத்தைப் பார்க்க ரோஸியையே உள்ளே விடவில்லை. திரையில் அவர் நாயர் பெண்ணாக வந்ததும் கூச்சல். கல் பறந்தது. திரை கிழிந்தது. அதோடு விடவில்லை. பிறகு அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள். தப்பி ஓடியவர் ரோட்டில் ஒரு லாரியில் ஏறினார். லாரி தெற்கே வந்தது. டிரைவர் கேசவ பிள்ளை அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ரோஸி ராஜம்மாள் ஆனார். நாகர்கோவிலில் குடித்தனம். அப்புறம் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

கல்லெறிந்த ஆட்களை நான் விமர்சகர்கள் வரிசையில் சேர்க்க மாட்டேன். அவர்கள் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதை இழுவை என்றோ, கேமரா ஆடுகிறது என்றோ சொல்லியிருந்தால் டேனியல் அடுத்த படத்தில் சரி செய்திருப்பார். அவர்களுக்கு இருந்த ஒரே ஆட்சேபணை, யார் நடிப்பது என்பது. இன்றைக்கும் ஒரு படம் வருமுன்பே எடுத்தவன் பெயரையும் ஊரையும் வைத்துக்கொண்டு 'ஊத்திக்கும்' என்று போனில் தட்டுகிறவர்களைப் பார்க்கும்போது அந்தக் கேப்பிடல் தியேட்டர் ஞாபகம் வருகிறது. கல் கனம், கையால் தூக்கி எறிய வேண்டும். எறிகிறவன் முகத்தை நாலு பேர் பார்க்க முடியும். போனில் அந்தச் சிரமம்கூட இல்லை.

டேனியல் கடனாளியாகி, பல் டாக்டராக ஊர் ஊராக உட்கார்ந்து, கடைசியில் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பி 1975-ல் இறந்துபோனார். கஷ்ட காலத்தில் உதவி கேட்டபோது, 'நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்' என்று கேரளம் கைவிரித்தது. தமிழ்நாட்டுக்கோ அவர் மலையாளப் படம் எடுத்தவர். 1992-ல் கேரள அரசு அவர் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தி இன்றுவரை பெரிய பெரிய ஆட்களுக்குக் கொடுத்து வருகிறது. ரோஸிக்கு 2023 பிப்ரவரியில் கூகுள்காரர்கள் தங்கள் முதல் பக்கத்தில் படம் போட்டார்கள். 'விகதகுமாரன்' பிரதி ஒன்றுகூட மிச்சமில்லை. அது நல்ல படமா, சுமாரா, இரண்டாம் பாதி இழுவையா என்று சொல்ல இனி ஒருத்தராலும் முடியாது.

இந்தக் கதையை 2013 பிப்ரவரியில் 'செல்லுலாய்டு' என்று கமல் (நம்ம கமல் அல்ல, மலையாள டைரக்டர் கமல்) படமாக எடுத்தார். பிருத்விராஜ்தான் டேனியல். மார்த்தாண்டத்துக்காரர் எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போனார். பார்த்துவிட்டுத் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறினோம். நெய்யாற்றின்கரை போச்சு, பாறசாலை போச்சு. இன்ஷூரன்ஸ்காரர் வழக்கம்போல அழவில்லை, அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது. வாத்தியார் ஒரு பட்டனும் எண்ணவில்லை. லாரி போன அதே ரோடு. களியக்காவிளை தாண்டியதும் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

'என்னவே, ஒரிஜினல் இதவிடக் கொள்ளாமா?'

மார்த்தாண்டத்துக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஊர் வந்தது. இறங்கினார். 'செரி, பொறவு பாப்போம்' என்றுகூடச் சொல்லவில்லை.